சரக்கு விமானியின் இரவுகளைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விமானி ஆக விரும்பும் இளைஞர்களுக்கான உங்கள் வழிகாட்டிக் கட்டுரையில், சரக்கு விமானப் பணியை 'பயணிகள் தொல்லை இல்லாத நிம்மதியான வேலை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பயணிகள் விமானம் ஓட்டிவிட்டு இப்போது சரக்கு விமானம் ஓட்டுபவன் நான். அந்த ஒரு வரியை நம்பி யாரும் முடிவெடுத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

பயணிகள் இல்லை என்பது சரி. ஆனால் கிளம்பும் முன் என் கையில் ஒரு தாள் வரும். ஆபத்தான சரக்கு எது, எவ்வளவு, விமானத்தின் எந்த இடத்தில் ஏற்றியிருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். எளிதில் தீப்பிடிக்கக்கூடிய லித்தியம் பேட்டரி என்ற வரியைக் கண்டால் திரும்ப ஒரு முறை படிப்பேன். பெரும்பாலான சரக்கு விமானங்களின் பிரதான தளத்தில் தீயணைப்பு வாயு கிடையாது. காற்றழுத்தத்தைக் குறைத்து, தீக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனைக் குறைப்பதுதான் வழி. 2010 செப்டம்பரில் துபாயில் விழுந்த, யுபிஎஸ் என்ற பார்சல் நிறுவனத்தின் 747 சரக்கு விமானத்தில் காக்பிட் முழுக்கப் புகை. கருவிகளே கண்ணுக்குத் தெரியாமல் போய், விமானிகள் இருவரும் இறந்தார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் தூக்கம். அமெரிக்காவின் மெம்ஃபிஸ், லூயிவில், ஜெர்மனியின் லைப்சிக் போன்ற பார்சல் மையங்களில் இரவில் விமானங்கள் வந்து குவியும். பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரித்து ஏற்றியதும் விடிவதற்குள் மறுபடி கிளம்பும். இரவு 2 மணியிலிருந்து 6 மணி வரை உடல் மிகவும் சோர்ந்திருக்கும். நாங்கள் தரையிறங்குவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். பிறகு ஹோட்டல் அறையில் திரையை இழுத்துவிட்டு, கதவிடுக்கில் துண்டைச் செருகிப் படுத்தால், நடைபாதையில் வாக்குவம் கிளீனர் சத்தம் ஆரம்பிக்கும். அன்றைக்குத் தூக்கம் அவ்வளவுதான்.

சட்டமும் எல்லா இடத்திலும் துணைக்கு வராது. 2009-இல் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே நடந்த பயணிகள் விமான விபத்துக்குப் பிறகு அந்நாடு விமானிகளின் ஓய்வு விதிகளைக் கடுமையாக்கியது. 2014 ஜனவரியில் அவை நடைமுறைக்கு வந்தபோது சரக்கு நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான், 2013 ஆகஸ்டில், அமெரிக்காவின் பர்மிங்காமில் யுபிஎஸ் சரக்கு விமானம் ஒன்று விடியுமுன் விழுந்து இரு விமானிகளும் இறந்திருந்தார்கள். காரணங்களில் சோர்வும் ஒன்று என்று விசாரணை சொன்னது. அதன் பிறகும் விலக்கை நீக்கவில்லை. பின்னால் ஆட்கள் உட்கார்ந்திருந்தாலும் பெட்டிகள் இருந்தாலும் விமானிக்கு வரும் தூக்கம் ஒன்றுதானே? இந்தப் பாகுபாடு எனக்கு இன்றும் ஆறவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, இந்த வேலை எனக்குப் பிடிக்கும் என்றும் சொல்ல வேண்டும். பெரிய விமானம், கண்டம் விட்டுக் கண்டம், தொடர்ந்து வீட்டை விட்டு இருந்தாலும் அப்புறம் சேர்ந்தாற்போல் கிடைக்கும் விடுப்பு. எனக்குப் பகலில் தூக்கம் வரும், அதனால் ஒத்துப்போகிறது. என்னோடு பயிற்சி பெற்ற தோழிக்கு வரவே இல்லை. உடம்பு கெட்டு, பயணிகள் விமானத்துக்கே திரும்பிவிட்டாள். அங்கே ஒரே நாளில் நான்கு முறை ஏறி இறங்குகிறாள். ஆனால் இரவில் தூங்குகிறாள்.

சரக்கு வேலை என்றால் எப்போதும் நிலையானது என்ற நம்பிக்கையும் வேண்டாம். 2020-இல் பயணிகள் விமானிகள் வேலையிழந்து நின்றபோது எங்களுக்கு ஓய்வே இல்லை. இரண்டு மூன்று ஆண்டில் நிலைமை தலைகீழானது. சரக்கு குறைந்தது, பயணிகள் விமான நிறுவனங்கள் ஆள் தேடின.

எனவே அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, வேலைக்குப் போகும் பிள்ளைகள் நிறுவனத்திடம் கேட்க வேண்டியதையும் சேர்த்து வெளியிடுங்கள்: ஒரு மாத ரோஸ்டரை, அதாவது பணி அட்டவணையைக் காட்டுவார்களா, தொடர்ந்து எத்தனை இரவு பறக்கச் சொல்வார்கள், எந்த ஓய்வு விதி பொருந்தும், சோர்வாக இருக்கிறது என்று சொல்லி விமானி பறக்க மறுத்தால் அன்றைய சம்பளத்தைப் பிடிப்பார்களா?

இப்படிக்கு,
சரக்கு விமானி ஒருவர்