வழி சொன்னவர்களுக்கும் வழி விட்டவர்களுக்கும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

28 வருடம் சமூக அறிவியல் டீச்சராக இருந்தவள் நான். ‘1453-இல் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றினர்; அதனால் ஐரோப்பியர் இந்தியாவுக்குக் கடல்வழி தேடினர்’ என்ற இரண்டு மதிப்பெண் விடைக்கு எத்தனை ஆயிரம் தாள்களில் டிக் போட்டிருப்பேனோ, கணக்கில்லை. ஓய்வு பெற்றதும் அந்த ஊரை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். தீபாவளி முடிந்த கையோடு, உடன் வேலை பார்த்த ஆங்கில டீச்சரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். 24 நாள் துருக்கியில் சுற்றிவிட்டு, அடைமழையில் மதுரை வந்து சேர்ந்தேன். இந்த மடலை அப்போதே எழுதியிருக்க வேண்டும். ஏன் எழுதவில்லை என்பதையும் சொல்கிறேன்.

முதலில் தூரத்தில் இருப்பவர்கள். இவர்கள் யாரும் இதைப் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இஸ்தான்புல்லில் (கான்ஸ்டாண்டிநோபிளின் இன்றைய பெயர் இதுதான்) இறங்கிய இரவே, பணம் கட்டிப் பதிவு செய்திருந்த விடுதியில் ‘உங்கள் பெயரே இல்லை’ என்று கையை விரித்துவிட்டார்கள். மணி 11. எதிர்ச்சாரியில் மளிகைக்கடையைப் பூட்டிக்கொண்டிருந்தவர், பாதி இறக்கிய ஷட்டரை மறுபடி தூக்கினார். எங்கள் இருவரையும் உள்ளே உட்காரவைத்து, இடுப்பு சிறுத்த சின்னக் கண்ணாடிக் குவளையில் பாலில்லாத டீ கொடுத்துவிட்டு, ஊரெல்லாம் போன் போட்டார். ஐந்தாவது இடத்தில் அறை கிடைத்தது. பேச்சுக்குப் பேச்சு என்னை ‘அப்லா’ என்றார். அக்கா என்று அர்த்தமாம். (பத்தே நாளில் ‘தெய்ஸே’ ஆகிவிட்டேன். அது அம்மாவுடன் பிறந்தவளைக் கூப்பிடுவது, நம் சித்தி, பெரியம்மா போல. தலைக்குச் சாயம் போடாமல் போனது என் தப்பு.)

எமினோனு படகுத்துறையில் என் பயண அட்டையில் காசு தீர்ந்து, கேட் திறக்காமல் முழித்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற கல்லூரிப் பையன் தன் அட்டையை எனக்காக ஒரு தடவையும் தனக்காக ஒரு தடவையும் வைத்துவிட்டு, நான் சில்லறை எடுப்பதற்குள் கூட்டத்தில் போய்விட்டான். தம்பி, அந்தக் காசு இன்னும் என் பர்ஸில் தனியாக இருக்கிறது.

அயா சோஃபியா மசூதியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் தேடிப் போனது ஐந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய நகர மதிலை. 1453-இல் பீரங்கி துளைத்த மதில் அதுதான். கோட்டை, அகழி என்று வகுப்பில் கை வீசிப் பாடம் நடத்தியவள் நேரில் பார்த்தால், மதிலின் அடியில் வரிசையாகக் கீரைப் பாத்தி! எடிகுலே பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தோட்டம் போட்டு வருகிறார்களாம். மண்வெட்டியோடு நின்ற பெரியவரிடம் ‘1453, 1453’ என்று மதிலைக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஒரு கட்டு கீரையைப் பிடுங்கி என் கையில் திணித்தார். காசு வாங்கவில்லை.

கப்படோக்கியா வட்டாரத்தில் காற்று அதிகம் என்று மூன்று நாளும் ஆட்களை ஏற்றிச் செல்லும் பலூன் பறக்கவில்லை. அதற்குப் பதில் தெரின்குயு என்ற பூமிக்கடி நகரத்துக்குப் போனோம். எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையைக் குடைந்து, மாடி மாடியாகக் கீழே ஏறக்குறைய 85 மீட்டர் ஆழத்துக்குப் போகிறது. குனிந்தே ஏறும் படியில் என் கால் மடங்கியது. முன்பின் தெரியாத இரண்டு வாலிபர்கள் ஆளுக்கொரு தோள் கொடுத்து மேலே கொண்டுவந்தார்கள்.

கொரெமேயில் நாங்கள் தங்கிய வீட்டின் சமையலம்மா அன்று செய்ததை என்னவென்று சொல்ல! ‘கெச்மிஷ் ஒல்சுன்’ என்றார். ‘கடந்து போனதாக இருக்கட்டும்’ என்று பொருள். உடம்பு சரியில்லாதவர்களிடம் எல்லோரும் சொல்வது. துணியால் காலை இறுக்கிக் கட்டினார். நான் சைவம் என்பது மட்டும் அவருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இறைச்சி இல்லை என்றால், ‘சரி, கோழி?’ என்பார். ஆனாலும் பருப்பு சூப்பில் இறைச்சிச் சாறு சேர்ப்பது வழக்கம் என்று தெரிந்ததும், எனக்கென்று தனிப் பாத்திரத்தில் வெறும் தண்ணீரில் வைத்துக் கொடுத்தார். கிளம்பும்போது வண்டிக்குப் பின்னால் ஒரு குவளைத் தண்ணீரை வீசி ஊற்றினார். ‘சு கிபி கித், சு கிபி கெல்’: தண்ணீர் போலப் போ, தண்ணீர் போல வா. நம் ‘போயிட்டு வாங்க’ அதற்குள் இருக்கிறது.

செல்சுக் என்ற ஊரில் நவம்பர் 10, காலை 9.05. திடீரென்று சங்கு ஊதியது. கார்கள் நின்ற இடத்திலேயே நின்றன, ஆட்கள் இறங்கி விறைப்பாக நின்றார்கள். நான் ஏதோ ஆபத்து என்று ஓடப் பார்த்தேன். டீக்கடைக்காரர் என் முந்தானையை மெல்லப் பிடித்து நிறுத்தினார். 1938-இல் அதே நாள் அதே நிமிடம் துருக்கிக் குடியரசை நிறுவிய அதாதுர்க் இறந்தாராம். கடையில் மாட்டியிருந்த படத்தை அப்புறம் காட்டினார்.

சரி, வீட்டுக்கு வருகிறேன்.

இதற்குத்தான் இத்தனை நாள் ஆனது. வந்த புதிதில் யாருக்கும் நன்றி சொல்லும் மனநிலையில் நான் இல்லை. என் அத்தைக்கு வயது 84. அவரைப் பார்த்துக்கொள்ள விருதுநகரிலிருந்து என் நாத்தனார் வந்து தங்கியிருந்தாள். சமையல் என் வீட்டுக்காரர். நான் இல்லாமல் வீடு தடுமாறியிருக்கும் என்று, இப்போது ஒப்புக்கொள்கிறேன், கொஞ்சம் ஆசையாகவே எதிர்பார்த்து வந்தேன். வந்து பார்த்தால் அஞ்சறைப் பெட்டியில் மஞ்சள் இருந்த இடத்தில் சீரகம். டப்பாக்களில் அவர் கையெழுத்தில் சீட்டு. ‘கடுகு எங்கே?’ என்று கல்யாணமாகி 33 வருடத்தில் முதல் தடவையாக நான் கேட்டு அவர் எடுத்துக் கொடுத்தார். போதாக்குறைக்கு அத்தை, ‘ரசம் மட்டும் அவனே வைக்கட்டுமே’ என்றார். பதினைந்து நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்போதெல்லாம் என் பேச்சைக் கேட்டது பக்கத்து வீட்டு அக்கா ஒருவர்தான். அக்கா, நான் ‘இஸ்தான்புல்லில்...’ என்று ஆரம்பித்தாலே என் மகள் போனை வைத்துவிடுவாள். நீங்கள் 1,100 படத்தையும் பார்த்தீர்கள், மதில் படங்களை இரண்டு தடவை. 24 நாளும் பால் பாக்கெட் எடுத்து வைத்ததற்கும் சேர்த்து நன்றி.

சதல்ஹுயுக் கதையை மட்டும் அத்தை ரசித்துக் கேட்டார். கோன்யா பக்கத்தில் 9,000 வருடப் பழைய ஊர். வீட்டுக்கு வாசலே கிடையாது; கூரையில் ஏறி ஏணி வழியாக உள்ளே இறங்க வேண்டும். செத்தவர்களை வீட்டுத் தரைக்கடியிலேயே புதைத்தார்கள். அத்தை யோசித்துவிட்டுச் சொன்னார்: ‘அப்போ செத்தாலும் மாமியார் மருமகளை விடமாட்டா.’

ஒரு நாள் அலமாரியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு கிடைத்தது. தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள். பின்பக்கத்தில் நாத்தனார் பென்சிலில் எழுதி வைத்திருந்தாள். ‘அக்டோபர் 27: இட்லி 2. பிரஷர் மாத்திரை போட்டாச்சு. ராத்திரி தூக்கமில்லை, அப்பா கதை பேசினோம்.’ ஒவ்வொன்றாகப் படித்தேன். ‘நவம்பர் 3: பாத்ரூம் வாசலில் தலைசுற்றல். டாக்டர் வந்து பார்த்தார், பயப்பட ஒன்றுமில்லை. அண்ணியிடம் சொல்ல வேண்டாம்.’

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அன்றைக்கும் வீடியோ காலில் அத்தை பவுடர் பூசிக்கொண்டு சிரித்தாரே! அப்புறம்தான் ஞாபகம் வந்தது: கட்டுப் போட்ட காலைப் படத்தில் தெரியாமல் போர்வைக்குள் ஒளித்துக்கொண்டு நானும்தான் சிரித்தேன்.

அந்தக் கட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். நாத்தனாரே, படித்துவிட்டேன் என்று இதன் மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். நீ உன் வீட்டை விட்டு இங்கே இருந்த நாட்களுக்கு ஈடாக நான் கொடுத்தது நாலே நாலு டீக் குவளை. ஆறு வாங்கினேன், இரண்டு வழியில் உடைந்துவிட்டன. என் வீட்டுக்காரருக்கு நன்றியை ரசத்துக்குச் சொல்கிறேன். டப்பாக்களுக்குச் சொல்ல மாட்டேன்.

போன வாரம் நாத்தனார் அத்தையைப் பார்க்க வந்துவிட்டுத் திரும்பினாள். ஆட்டோ கிளம்பியதும் ஓடிப்போய் ஒரு செம்புத் தண்ணீரைப் பின்னாலேயே வீசினேன். திண்ணையிலிருந்து அத்தை போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்: ‘ஆள் கிளம்பின கையோட யாராவது வாசல்ல தண்ணி கொட்டுவாங்களாடி?’

இரண்டு மணி நேரத்தில் விருதுநகரிலிருந்து போன். ‘வந்து சேர்ந்துட்டேன் அண்ணி. சேலையெல்லாம் ஈரம்.’