மருந்து அலமாரிச் சாவி

அன்புள்ள பாப்பாவுக்கு,

பள்ளியில் மருந்து அலமாரிச் சாவியை உன்னிடம் கொடுத்துவிட்டார்கள் என்று நீ போனில் சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். அந்த மாதிரி ஒரு சாவி ஆறு வருஷம் என் கைப்பையில் கிடந்தது, கொரோனாக் காலமும் சேர்த்து. "இன்னொரு தொற்று வந்தால் என்னம்மா செய்வது?" என்று கேட்டாய். போனில் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன்.

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்டைப் பெருந்தொற்று என்றது. மூடிய பள்ளி திரும்பத் திறந்தபோது எங்கள் காதுக்கு இருமல் என்றாலே கொரோனாதான். ஒருநாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் இருமினான். தனி அறையில் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டு, அவன் வீட்டுக்குப் போன் போட்டவள் நான்தான். அவனுக்கு ஆஸ்துமா இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் அது நினைவுக்கே வரவில்லை. அவனுடைய இன்ஹேலர் என் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. எட்டிப் பார்த்தால், தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குகிறான், ஒரு வரி முழுசாகப் பேச முடியவில்லை. ஓடிப்போய் எடுத்துவந்து, மருந்தை நிதானமாக உள்ளே இழுக்க உதவும் ஸ்பேசர் குழாயில் மாட்டிக் கொடுத்தேன். நல்லவேளை, அடங்கியது. பரிசோதனையில் நெகட்டிவ்தான் வந்தது. பாசிட்டிவாகவே இருந்திருந்தாலும், அவனுக்கு முதலில் போயிருக்க வேண்டியது இன்ஹேலர்தானே?

அதனால், திடீரென்று தேவைப்படும் மருந்தைப் பூட்டி வைக்காதே. ஆஸ்துமா இன்ஹேலர், கடும் அலர்ஜிக்கான எபிநெஃப்ரின் ஊசிப் பேனா இதெல்லாம் பிள்ளையிடமோ, அது இருக்கும் வகுப்பிலோ இருக்கட்டும். பூட்டு மற்ற மாத்திரைகளுக்கு. இருமலைக் கேட்டே எந்த நோய் என்று சொல்லிவிட நம்மால் முடியாது, டாக்டராலும் பெரும்பாலும் முடியாது. தனி அறையில் வைத்தாலும் தனியாக விடாதே. ஜன்னலைத் திற, மாஸ்க் போட்டுக்கொள், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருக்கட்டும்.

மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கும் நெபுலைசர் மிஷின் வேண்டாம் என்று கொரோனாவின்போது பல இடங்களில் நிறுத்தினார்கள். நோயாளியின் மூச்சும் அந்தப் புகையோடு அறையெங்கும் பரவும் என்ற பயம். டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஸ்பேசரோடு இன்ஹேலரே பெரும்பாலும் போதும். ஸ்பேசர் ஆளுக்கு ஒன்று, பெயர் எழுதி. சோப்புத் தண்ணீரில் அலசித் தானாகக் காயவிடு. துணியால் உள்ளே துடைத்தால் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். எனக்கே இது தாமதமாகத்தான் தெரிந்தது. பளபளவென்று துடைத்து வைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன்!

சர்க்கரை நோய் உள்ள பிள்ளைக்கு ரத்தம் சோதிக்கும்போது சானிடைசரை நம்பாதே. பழம் உரித்த விரலில் ஒட்டிய சர்க்கரை அதில் போகாது, அளவு பொய்யாக ஏறிக் காட்டும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கட்டும். உறைந்துபோனால் தூக்கிப் போடு.

நீண்ட நாள் மூடித் திறந்தால் முதலில் காலாவதித் தேதிகளைப் பார். அப்புறம் டாக்டர் சீட்டுகள். எங்களிடம் இருந்த சீட்டுகளெல்லாம் பழைய எடைக்கு எழுதியவை. பிள்ளைகளோ வீட்டில் இருந்த காலத்தில் கிடுகிடுவென்று வளர்ந்திருந்தார்கள். புதுச் சீட்டு வரும்வரை, சீட்டை மட்டும் நம்பி மருந்து கொடுக்காமல் பெற்றோரையும் டாக்டரையும் கேட்டுக்கொண்டேன். சில அம்மாக்களுக்கு என் மேல் கோபம். பரவாயில்லை.

இன்னொன்று. காலையில் பாரசிட்டமால் கொடுத்துக் காய்ச்சலை அமுக்கிப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் கட்டாயம் வருவார்கள். வாசலில் வெப்பமானி ஒன்றும் காட்டாது. சில மணி நேரம் கழித்து வகுப்பில் தெரியும். அவர்களிடம் கத்தாதே. கத்தினால் அடுத்த தடவை மறைப்பார்கள். "காலையில் ஏதாவது மாத்திரை கொடுத்தீர்களா, எத்தனை மணிக்கு?" என்று மட்டும் சாதாரணமாகக் கேள். அடுத்த வேளை மருந்துக்கு அந்த நேரம் உனக்குத் தேவை.

நீ மூன்றாவது படிக்கும்போது நானும் அப்படி அனுப்பியிருக்கிறேன். எனக்கு லீவு மிச்சமில்லை. மதியம் கூப்பிட வந்தபோது பெஞ்சில் சுருண்டு கிடந்தாய். டீச்சர் கேட்டதற்கு, மாத்திரை எதுவும் கொடுக்கவில்லை என்று சொன்னேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய், ஒன்றும் சொல்லவில்லை.

அன்புடன்,
அம்மா