நூல் பிடித்துப் பார்த்த தீவு

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்த அன்றுதான் எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டை அவிழ்த்தார்கள். புதுக்கண்ணால் முதலில் படித்தது உன் கோழிக்கிறுக்கலைத்தான். உன் மகள் கரீபியன் கடலில் இருக்கும் டொமினிக்கா தீவுக்கு டிக்கெட் போடுகிறாள் என்றதும் நானே கிளம்புகிற மாதிரி ஒரு குஷி. நான் போய் வந்த கதையை இத்தனை வருஷத்தில் கேட்ட முதல் ஆள் நீ!

சரி, டிக்கெட்டை முதலில் பார். டொமினிக்கன் ரிபப்ளிக் வேறு, இது வேறு. விமான நிலையக் குறியீடு டி.ஓ.எம். என்று இருக்க வேண்டும். ஊர்க்காரர்கள் 'டொமினீக்கா' என்று 'னீ'யை அழுத்திச் சொல்வார்கள். 1493 நவம்பர் 3-ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொலம்பஸ் கண்ணில் பட்டதால், லத்தீனில் ஞாயிறைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். அதற்கு முன்பே அங்கே இருந்த கலினாகோ மக்கள் வைத்த பெயர் வைத்துகுபுலி. 'அவள் உடல் உயரமானது' என்று பொருள். எந்தப் பெயர் பொருத்தம் என்று போய்ப் பார்த்துவிட்டு நீயே சொல்.

"மொத்தமே 47 கிலோமீட்டர் நீளம்தானே, இரண்டு நாள் போதாதா?" என்று கேட்டிருக்கிறாய். நானும் அந்த நினைப்பில்தான் போனேன். என்னிடம் இருந்தது 1:50,000 அளவில், அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு அரை கிலோமீட்டர் கணக்கில், பழைய தாள் வரைபடம். விமான நிலையம் வடகிழக்கே, தலைநகர் ரோசோ தென்மேற்கே. நேர்கோட்டில் 30 கிலோமீட்டர்கூட வராது. ஆனால் வேனில் ஒன்றரை மணி நேரம் குலுங்கிப் போய் இறங்கினோம். அன்று ராத்திரி, நம் புவியியல் வாத்தியார் சொல்லித் தந்தாரே, அதேபோல் பெண்டாட்டியின் தையல் பெட்டியிலிருந்து நீல நூலை எடுத்துப் பாதையின் ஒவ்வொரு வளைவிலும் ஒட்டி வைத்துப் பிடித்தேன். அப்புறம் நூலை இழுத்து நேராக்கி அளந்தால் நேர்கோட்டைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! அதிலும் ஏற்ற இறக்கம் சேர்த்தி இல்லை. மலையின் உயரத்தைக் காட்டும் பழுப்புநிறச் சம உயரக் கோடுகள் அவ்வளவு நெருக்கம். சில இடங்களில் தாளே பழுப்பாகத் தெரியும். உச்சி மோர்ன் டியாப்ளோட்டான் 1,447 மீட்டர். தீவின் அகலமோ 26 கிலோமீட்டர்தான்.

அதனால் அங்கே கிலோமீட்டரை மறந்துவிடு, மணிக்கணக்கில் கேள். போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள், மலைக்குள் சிக்னல் போய்விடும். வண்டி இடது பக்கம்தான், நமக்குப் பழக்கம். ஆனாலும் ஓட்டுகிற வீரத்தை மகளிடம் காட்டாதே. ஞாயிற்றுக்கிழமை வேன் கிடைப்பது அபூர்வம்.

என் வரைபடம் ஒரு இடத்தில் காலை வாரியது. அதில் கோடாக இருந்த ஒற்றையடிப் பாதை, நேரில் போனால் சரிந்து கிடந்த செம்மண். 2017 செப்டம்பரில் மரியா புயல் ஐந்தாம் வகை என்னும் உச்ச வேகத்தில் வந்து காட்டையே மொட்டையடித்த தீவு அது. தாளுக்கு அது எப்படித் தெரியும்? திரும்பி வந்து, உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு கொதிக்கும் ஏரிக்குப் போனேன். லோடா கிராமத்துக்குப் பக்கத்தில் தொடங்கி, போக மூன்று மணி, வர மூன்று மணி. வழியில் கந்தக வாடை அடிக்கும் பள்ளத்தாக்கு. அங்கே கொதிக்கிற ஊற்றில் முட்டையை வேகவைத்துக் கொடுத்தார். ஏரிக்கரையில் நின்றபோது வெறும் ஆவிதான். பத்து நிமிஷம் கழித்து காற்று ஒரு பக்கம் தள்ள, நடுவில் சாம்பல் நீலத் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. உலை கொதிக்கிற அதே மாதிரி, ஆனால் அறுபது மீட்டர் அகலத்துக்கு.

உன் முழங்காலுக்கு அது வேண்டாம். கோபித்துக்கொள்ளாதே. ட்ராஃபால்கர் அருவிக்குப் பத்துப் பதினைந்து நிமிஷ நடைதான். இரட்டை அருவி, ஒன்றை அப்பா என்பார்கள், இன்னொன்றை அம்மா. எமரால்டு குளமும் சுலபம். உன் மகள் சுகந்திக்கு அது பிடிக்கும்.

வரைபடத்தைத் தபாலில் அனுப்புகிறேன். நடு மடிப்பு கிழிந்து டேப் ஒட்டியிருக்கும், மெதுவாகப் பிரி. நீல நூலும் உள்ளேதான் இருக்கிறது. ரோசோவிலிருந்து தெற்கே ஸ்காட்ஸ் ஹெட் வரை நான் அளக்கவில்லை. அதை நீ அளந்து எழுது.

உன்,
சபாபதி