சோறு நெஞ்சில் நிற்கிறதா என்று யாரும் கேட்கவில்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மருத்துவப் பக்கத்தில் வந்த நெஞ்செரிச்சல் கட்டுரையை எங்கள் வீட்டில் இரண்டு முறை படித்தோம். ராத்திரி சாப்பிட்ட உடனே படுக்கக் கூடாது, உடம்பு எடையைக் குறைக்க வேண்டும், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும் என்று அதில் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால், ஒரு கேள்வி அதில் இல்லை. "சாப்பிடும்போது சோறு நெஞ்சில் நிற்கிறதா?" இதை யாரும் கேட்காததால் என் கணவருக்கு ஆறு வருடம் வீணாகப் போனது.

அவருக்கு இப்போது 43 வயது. நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் ரொம்ப நாளாகவே உண்டு. மருந்துக்கடையில் போய்ச் சொன்னால், "கேஸ்தாண்ணே, காலையில வெறும் வயித்துல ஒண்ணு போடுங்க" என்று அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பார்கள். போட்டால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும். அதோடு விட்டுவிடுவோம்.

அவர் சாப்பிடும் விதத்திலேயே நோய் தெரிந்திருக்கிறது. நான்தான் கவனிக்கவில்லை. தட்டுக்குப் பக்கத்தில் சொம்பு நிறையத் தண்ணீர் இல்லாமல் உட்கார மாட்டார். நாலு வாய்க்கு ஒரு மடக்கு. சோறு குழைய வடிக்க வேண்டும். சப்பாத்தி என்றால் பிய்த்துக் குருமாவில் ஊறப்போட்டுவிட்டுக் காத்திருப்பார். பெரிய மாத்திரையை உடைத்துத்தான் விழுங்குவார். கல்யாண வீட்டில் இவர் இலையை மூடுவதற்குள் அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார்கள். "சின்னப் பிள்ளையிலேருந்தே அவன் நல்லா மென்னுதான் தின்பான்" என்று என் மாமியார் பெருமையாகச் சொல்வார். நானும் அதை நல்ல பழக்கம் என்றே நினைத்திருந்தேன்.

போன வருடம் ஊர்க் கோயில் கிடா விருந்தில் ஒரு கறித்துண்டு அடைத்துக்கொண்டது. மூச்சு முட்டவில்லை, பேச முடிந்தது. ஆனால் குடித்த தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது. எச்சில்கூட இறங்கவில்லை. கிணற்றடியில் குனிந்து துப்பிக்கொண்டே இருந்தார். ஒருவர் உச்சந்தலையில் தட்டினார். மீன் முள்ளுக்குச் செய்வதுபோல இன்னொருவர் சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னார். வாழைப்பழமும் வந்தது. விழுங்கியதெல்லாம் கறிக்கு மேலேயே நின்றது. இரவு எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோபி வழியாகத்தான், அதாவது வாய் வழியே கேமராக் குழாய் விட்டுத்தான், வெளியே எடுத்தார்கள்.

அதற்கு இரண்டு வருடம் முன்பே வேறோர் இடத்தில் எண்டோஸ்கோபி பார்த்திருந்தோம். உணவுக்குழாய் நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள். சதை எடுத்துப் பார்க்கவில்லை. இந்த முறை டாக்டர் உணவுக்குழாயின் மேல்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலுமாக ஆறு துணுக்குகள் எடுத்து அனுப்பினார். முடிவு வந்தது: ஈசினோபிலிக் ஈசோஃபஜைட்டிஸ்.

"ஈசினோபில்னா சளி, இளைப்புக்குச் சொல்றதாச்சே டாக்டர்?" என்று கேட்டார் என் கணவர். அதே அணுதான், ரத்த வெள்ளையணுக்களில் ஒரு வகை என்றார் டாக்டர். ரத்தத்தில் இருக்கும், குடலிலும் இருக்கும். ஆரோக்கியமான உணவுக்குழாய்ச் சுவரில் மட்டும் இருக்காது. அது அங்கே போய்க் குடியேறிச் சுவரை அழற்சியாக்குவதுதான் இந்த நோய். நுண்ணோக்கியில் ஒரு பார்வைப் பரப்புக்குள் 15 அல்லது அதற்கு மேல் எண்ணினால், வேறு காரணமும் இல்லையென்றால், இந்த நோய் என்று கொள்கிறார்கள். இவருக்கு 40-ஐத் தாண்டியிருந்தது. உணவு ஒவ்வாமை சார்ந்த இதை மருத்துவ உலகம் தனி நோயாக அடையாளம் கண்டதே 1990-களின் தொடக்கத்தில்தான். ஆண்களிடம் அதிகம். தினமும் காலையில் பத்து தும்மல் போடுகிறவர்கள், ஆஸ்துமா உள்ளவர்களிடம் அதிகம். வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் குழாய் தழும்பேறிச் சுருங்கிவிடும். கேமராவுக்கு நார்மலாகத் தெரிகிற குழாயிலும் நோய் இருக்கலாம் என்பதால்தான் சதைப் பரிசோதனை அவசியமாகிறது.

கேஸ் மாத்திரையைக் குறை சொல்ல வரவில்லை. இந்த நோயிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதே மாத்திரை அழற்சியைத் தணிக்கிறது. இவருக்குக் கேட்கவில்லை. அடுத்து, ஆஸ்துமாக்காரர்கள் உறிஞ்சும் ஸ்டீராய்டு பஃப் கொடுத்தார்கள். அதை உறிஞ்சாமல் வாயில் அடித்து விழுங்க வேண்டும். அரை மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. இல்லாவிட்டால் மருந்து குழாயில் தங்காது.

மூன்று மாதத்தில் சோறு இறங்கியது. ஆனால் காலம் பூராவும் மருந்தா என்று தயங்கி, உணவு வழியைக் கேட்டோம். பால், கோதுமை, முட்டை, சோயா, கொட்டை வகை, மீன் வகை என்று ஆறையும் நிறுத்திப் பார்ப்பது பழைய முறை. அமெரிக்காவில் 129 பேரிடம் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், ஆறையும் நிறுத்தியவர்களில் 40 சதவீதம் பேருக்கும், பாலை மட்டும் நிறுத்தியவர்களில் 34 சதவீதம் பேருக்கும் அழற்சி அடங்கியது. பெரிய வித்தியாசம் இல்லை என்பதால் பாலில் தொடங்கச் சொன்னார் டாக்டர். காபி போயிற்று, தயிர், மோர், நெய் எல்லாம் போயிற்று. பஃப்பையும் நிறுத்தி எட்டு வாரம் கழித்து எடுத்த சதையில் ஈசினோபில் எண்ணிக்கை 3. எரிச்சல் என்று அவர் நெஞ்சைத் தடவும்போதெல்லாம் ஆறிய பாலும் மோரும் ஆற்றி ஆற்றிக் கொடுத்தவள் நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

நெஞ்செரிச்சல் உள்ள எல்லோருக்கும் இந்த நோய் என்று யாரும் பயப்பட வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு அமிலம் மேலேறுவதுதான் காரணம். டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டுவிட்டு உடனே படுத்தாலும் குழாயில் ஒட்டிப் புண்ணாகும். ஆனால், எரிச்சலோடு சோறும் அடைக்கிறது என்றால் மருந்துக்கடையோடு நிற்காதீர்கள். எண்டோஸ்கோபிக்குப் போனால், சதை எடுப்பீர்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

தங்கள் மருத்துவப் பக்கத்தில் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, அந்த ஒரு கேள்வியையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். கூடவே இன்னொன்றும்: அடைத்த உணவு இறங்காமல் எச்சிலும் விழுங்க முடியவில்லை என்றால் சோற்று உருண்டையும் வாழைப்பழமும் கொடுக்க வேண்டாம், அன்றைக்கே எண்டோஸ்கோபி வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.