களுதாவளை வளவுகளில் செவ்வரத்தையைப் பிடித்துள்ள வெண்மூட்டுப்பூச்சியைக் கட்டுப்படுத்தித் தரக் கோரும் மனு

பிரதி விவசாயப் பணிப்பாளர் அவர்கள்,
மட்டக்களப்பு.

ஊடாக: எமது பிரிவுக்குரிய விவசாயப் போதனாசிரியர்

மதிப்பிற்குரிய ஐயா,

களுதாவளையில் செவ்வரத்தை இல்லாத வளவு அரிது. மாரி, கோடை பாராமல் பச்சையாய் நிற்கும் செடி. பிள்ளையாருக்குக் காலைப் பூவும் அதில்தான் ஆய்கிறோம். கச்சான் காற்று எழுந்தது முதல் இச்செடிகள் கருகி வருகின்றன. பூச்சியை இனங்கண்டு, ஊர் முழுவதும் ஒரே வேளையில் கட்டுப்படுத்தத் தங்கள் உதவியை வேண்டுகிறோம்.

குருத்து நீளாமல் இலைகள் சுருண்டு, கோழிக்கொண்டை போலத் திரண்டு நிற்கின்றன. மொட்டுகள் விரியாமலே உதிர்கின்றன. சுருளைப் பிரித்தால் வெள்ளைப் பொதியும் அதற்குள் இளஞ்சிவப்பு முட்டைகளும் இருக்கின்றன. பூச்சியை நசுக்கினால் செந்நீர் வருகிறது. 2008இல் நாட்டில் கண்டறியப்பட்ட பப்பாசி வெண்மூட்டுப்பூச்சியை நசுக்கினால் மஞ்சள் நீர்தான் வரும். ஆகவே இது செவ்வரத்தையைத் தாக்கும் இளஞ்சிவப்பு இனம் என்று எண்ணுகிறோம். சில வளவுகளில் அழுக்கணவனும் வெண் ஈயும் சேர்ந்து, அவற்றின் இனிப்புக் கழிவில் கரும்பூஞ்சணம் படர்ந்துள்ளது. மாதிரி எடுத்துப் பார்த்துத் தாங்கள்தான் உறுதி சொல்ல வேண்டும்.

"அது அலங்காரச் செடிதானே, பயிரில்லையே" என்று ஓரிடத்தில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். செவ்வரத்தையும் வெண்டியும் ஒரே குடும்பம். இந்தப் பூச்சி வெண்டியையும் விடாது. வேலிக்கு அடுத்த பாத்தியில் வெண்டி நிற்கிறது. ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடும், ஒரு மாதத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். மழை வந்தால் குறையும் என்று காத்திருக்க இயலாது.

எங்களை அதிகம் வருத்துவது மருந்து விடயம். மரக்கறிக்கு அடிக்கும் நஞ்சை வெற்றுச் சோடாப் போத்தலில் ஊற்றி, லேபலும் இல்லாமல் விற்கிறார்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு இது முரண். அடித்த மறுநாள் விடிய அதே செடியில் பிள்ளைகள் பூ ஆய்கிறார்கள். அதே இலையை அரைத்துப் பெண்கள் தலைக்கு வைக்கிறார்கள். எங்களுடையது மணல் நிலம், கிணறுகளும் ஆழமில்லை. இவ்வளவும் செய்து, மெழுகுப் பூச்சையும் இலைச் சுருளையும் தாண்டி நஞ்சு பூச்சியைச் சென்றடைவதுமில்லை. அதைத் தின்னும் பொறிவண்டுதான் சாகிறது. சில பொறிவண்டுகளின் குடம்பிகளும் வெள்ளை மெழுகு மூடியே இருப்பதால், பூச்சியென்று நினைத்து நாங்களே நசுக்கியும் விடுகிறோம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டித்தர ஒருவர் வந்தாலே பெரிய உதவி.

கிரெனடாத் தீவில் 1994இல் இதே பூச்சி பரவியபோது அதை அடக்கியவை அனகைரஸ் என்ற சிறு குளவியும் பொறிவண்டும்தான். பப்பாசிப் பூச்சிக்கும் 2009இல் குளவி தருவித்து இங்கு விட்டார்கள். அவ்வாறான இயற்கை எதிரிகள் எங்கள் வளவுகளில் உண்டா என்று பார்த்து, இல்லையெனில் கிடைக்க வழி செய்யுமாறு கேட்கிறோம்.

ஒருவர் வெட்டி, அடுத்த வளவுக்காரர் விட்டுவிட்டால் பயனில்லை. தாங்கள் ஒரு நாளைக் குறித்தால், அன்றே எல்லோரும் பூச்சி பிடித்த குருத்துகளை வெட்டிப் பையில் கட்டி எரிப்போம்; இலையின் அடிப்புறம் நனையச் சவர்க்காரத் தண்ணீர் அடிப்போம்; பூச்சியைக் காத்து நிற்கும் எறும்பு ஏறாமல் தடுப்போம். எவ்வளவு சவர்க்காரம், எத்தனை நாளுக்கொரு முறை என்பதைப் போதனாசிரியர் நேரில் செய்து காட்ட வேண்டும். லேபல் இல்லாத மருந்து விற்பனையையும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஆட்களையும் கத்தியையும் தெளிகருவியையும் நாங்களே ஒழுங்கு செய்வோம். எந்த நாள் என்பதைப் போதனாசிரியர் மூலம் அறியத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இவ்வண்ணம்,
களுதாவளை வீட்டுத்தோட்டக்காரரும் கோவிலுக்குப் பூ ஆய்வோரும்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)