கொலு, பொரி, தீபாவளிப் பலகாரம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி முன்கூடத்தில் கொலுப்படி கட்டியாயிற்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் செட்டியார் கடைக்கு அரிசியும் பருப்பும் அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சமயத்தில் சாப்பாட்டு விஷயம் ஒன்றை உங்களோடு பேச வேண்டியிருக்கிறது.

நம் பள்ளியில் உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் படிக்கிறார்கள். சிலருக்கு வேர்க்கடலை, சிலருக்கு முந்திரி, பால், முட்டை. ஒரு குழந்தைக்குக் கொண்டைக்கடலையே ஆகாது. நவராத்திரி அந்த வீட்டுக்கு எப்படிப்பட்ட பரீட்சை என்று நான் சொல்லத் தேவையில்லை. பால் குடித்தால் வயிறு உப்புவது வேறு, இது வேறு. சிலருக்குத் தோல் தடிப்போடும் வாந்தியோடும் நின்றுவிடும். சிலருக்குச் சில நிமிடங்களிலேயே மூச்சு திணறி, ரத்த அழுத்தம் இறங்கிவிடும். துளிதானே தின்றான் என்று அலட்சியமாக இருக்க முடியாது.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு வீட்டிலிருந்தே தனி டப்பா கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். பாதுகாப்புதான், மறுக்கவில்லை. ஆனால் வரிசையாக எல்லோருக்கும் தொன்னை வரும்போது, ஒரு பிள்ளை மட்டும் மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு, “உனக்கு மட்டும் ஏன் இது?” என்ற கேள்விக்கு பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் இந்த வருடம் பலகாரத்தையே மாற்றிவிட்டோம். வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்த அவல், கூடவே ஒரு வாழைப்பழம். நெய் இல்லை, முந்திரி இல்லை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்டுத்தான் முடிவு செய்தோம். கொலுவில் சுண்டல் இல்லையா என்று சிலர் கேட்பீர்கள். சுண்டல் நம் எல்லோர் வீட்டிலும் ஒன்பது நாளும் கிடைக்கும், சரிதானே?

பிரசாதம் கொஞ்சம் சிக்கலான விஷயம். சாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். “ஒரு வாய் போட்டுக்கோ, ஒண்ணும் ஆகாது” என்று பாசத்தோடுதான் சொல்கிறோம். சனிக்கிழமை எள்ளுருண்டை நைவேத்தியம் செய்கிற வீடுகள் உண்டு; எள் ஒத்துக்கொள்ளாத குழந்தையிடம் அப்படிச் சொன்னால் என்ன ஆகும்? உங்கள் வீட்டுக் கொலுவுக்கு வரும் குழந்தை வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். குங்குமமும் பூவும் கொடுங்கள், ஒரு பென்சில் கொடுத்தால் இன்னும் சந்தோஷப்படும். தாத்தா பாட்டியிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.

எனக்கு அதிகக் கவலை ஆயுத பூஜைப் பொரிதான். வேனுக்குப் பூஜை போட்டதும் டிரைவர் அண்ணன்கள் ஆசையாக ஆளுக்கொரு பொட்டலம் தருவார்கள். பொரி, பொட்டுக்கடலை, நாட்டுச்சர்க்கரையோடு வேர்க்கடலையும் கலந்திருக்கும். ஆசிரியர் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். பள்ளி வேன்களில் பொட்டலத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் இறங்கும் இடத்தில் பெற்றோரிடம் தரச் சொல்லியிருக்கிறோம். தனியார் வேன், ஆட்டோவில் அனுப்புபவர்கள் நீங்களே பேசிவிடுங்கள்.

அப்புறம் தீபாவளி. பாக்கெட் உணவில் வேர்க்கடலை, பால், முட்டை, சோயா போன்றவை இருந்தால் அட்டையில் தனியாக எடுத்துக்காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் விதிமுறை சொல்கிறது. எள் அந்தப் பட்டியலில் இல்லை. நாம் அதிகம் வாங்குவதோ கடையில் எடை போட்டுத் தரும் இனிப்பும் மிக்சரும்தான். அவற்றைப் படித்துப் பார்க்க வழியில்லை. வீட்டுப் பலகாரத்தில் எண்ணெயைக் கவனியுங்கள். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். வேர்க்கடலை ஆகாத பிள்ளைக்கு அதில் சுட்ட முறுக்கும் ஆபத்து. ஆகவே தீபாவளிக்கு முந்தின வாரம் வகுப்பில் பங்கு போடப் பலகாரம் கொடுத்தனுப்ப வேண்டாம். பிறந்தநாள் சாக்லேட்டும் கிறிஸ்துமஸ் கேக்கும் ரம்ஜான் சேமியா பாயசமும் இந்தக் கணக்கில்தான் வரும். சாப்பிட்ட பிறகு பிள்ளைகள் சோப்பு போட்டுக் கை கழுவுவார்கள். சானிடைசர் கடலைப் பிசுக்கைப் போக்காது.

இவ்வளவுக்கும் மீறி ஏதாவது நடந்தால், மருத்துவர் எழுதித் தந்திருக்கும் அட்ரினலின் ஊசியைப் பள்ளிச் செவிலியர் உடனே தொடையில் போடுவார். அடுத்து 108, பிறகு உங்களுக்கு போன். அலர்ஜி மாத்திரை அரிப்பைத் தணிக்கும், மூச்சுத் திணறலை நிறுத்தாது. அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கமாட்டோம். குழந்தையை எழுப்பி நடக்கவைக்கவும் மாட்டோம்.

இணைத்துள்ள படிவத்தில் உங்கள் பிள்ளைக்கு ஆகாத உணவு, மருந்தின் பெயர், இரண்டு தொலைபேசி எண்கள் ஆகியவற்றை எழுதி, கொலு தொடங்குவதற்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். ஒவ்வாமை இல்லையென்றாலும் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். ஊசி, மருந்து கொடுப்பவர்கள் காலாவதித் தேதியைப் பார்த்து, மருத்துவரின் கடிதத்தோடு செவிலியரிடம் நேரில் ஒப்படைக்கவும்.

அன்புடன்,
தலைமையாசிரியை