வடசென்னைக் கிணறுகளுக்கும் மானியம் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தண்டையார்பேட்டையில் 2013-ல் எண்ணெய்க் குழாய் கசிந்து நிலத்தடி நீரில் பெட்ரோல் கலந்தது ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டு உறைகிணற்றை அன்று மூடிய பலகை இன்னும் அப்படியே கிடக்கிறது. அதன்மேல் லாரித் தண்ணீர்க் குடங்களை வரிசையாக அடுக்கியிருக்கிறோம். வடக்கே மீஞ்சூரில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீரே உள்ளே ஏறிவிட்டது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் வந்தது, சரி. அதற்காகக் கிணறுகளைக் கைகழுவிவிடலாமா?

2021-ல் தொடங்கிய அம்ருத் 2.0 என்ற நகரக் குடிநீர்த் திட்டத்தில் நீர்நிலைகளைச் சீரமைக்கவும் நிலத்தடி நீரைப் பெருக்கவும் மத்திய அரசு நிதி தருகிறது. வடசென்னைக் கிணறுகளுக்கென்று தனியாக ஒரு திட்ட அறிக்கை போட்டு அதிகாரிகள் கேட்கட்டுமே! முதல் வேலையாகத் தெருவாரியாகத் தண்ணீரைச் சோதித்து, முடிவை வார்டு அலுவலக வாசலில் ஒட்டினால் போதும். அப்புறம் எந்தக் கிணற்றைக் காப்பாற்றலாம் என்று பேசலாம்.

இப்படிக்கு,
ஓர் இல்லத்தரசி,
தண்டையார்பேட்டை.